எஞ்சினைக் கழுவுமுன்



வீட்டில் மோட்டார்க் கார் வைத்திருப்போர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதனைக் குளிப்பாட்டும் காட்சியை நம்மூர்த் தெருக்களிற் காணாதார் இலர். கூரையைத் தேய்ப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள், சில்லுகளின் இடுக்கிற் புகுந்த சேற்றைக் குச்சியாற் கிண்டி எடுப்பார்கள். பின்னர் சற்றுத் தூரத்தில் நின்று, தலையைச் சரித்து, மினுக்கத்தை அளந்து பார்ப்பார்கள். ஆனால் பொனற்றைத் திறந்து, அந்த வாகனத்தை ஓடவைக்கும் எஞ்சின் எந்த நிலையிற் கிடக்கின்றதென்று பார்ப்பவர் எத்தனை பேர்? ஊரார் கண்ணுக்குப் படாத இடமாதலால் அது கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. கார் நடுத்தெருவில் நின்றுவிட்டாலோ, எல்லோரும் முதலில் ஓடிச்சென்று திறப்பது அந்தப் பொனற்றைத்தான்.

அவ்வறையை வீட்டிலேயே துப்புரவு செய்வது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனை அழகு பற்றிய பேச்சென்று மாத்திரம் எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டில் நமது நாட்டிற்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டில் உள்ள கார்கள் யாவும் ஐந்து வயது மூத்தன; அவற்றின் விலையோ இளமையை நோக்கி ஏறியது. கையில் உள்ளதைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவை அக்காலத்திற் பலருக்கு ஏற்பட்டது. வழி திறந்த பின்னரும் புதிய கார் வாங்குவது எல்லோர்க்கும் எட்டிய காரியமன்று.

பழைய காரை நெடுங்காலம் உயிருடன் வைத்திருப்பது எப்படியென்பதை யாழ்ப்பாணத்தாருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர், அதே தலைமுறையைச் சேர்ந்த ஒஸ்ரின் ஆகிய கார்கள், தாம் பிறந்த நாட்டிற் காட்சிப் பொருள்களான பின்னரும் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக உழைத்தன. 1990களில், போர்க்காலத்திற் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, இவ்வண்டிகள் மண்ணெண்ணெயிலும் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை அதற்கும் ஒருவாறு இசைந்தன. ஆயினும் மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. கரி படியும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அத்தகைய எஞ்சினை ஓட்டியவர், காலையில் ஒரு பழந்துணியோடு பொனற்றுக்குள் தலையை விடாமல் நாளைத் தொடங்கவியலாது. அந்தத் துணி துடைப்பதற்கு மாத்திரமன்று, தேடுவதற்குமாகும். எங்கே நனைகின்றது, எங்கே கருகுகின்றது, நேற்றில்லாத ஈரம் இன்று எங்கே தோன்றியிருக்கின்றது என்பவற்றை அத்துணி சொல்லிவிடும்.

ஆகவே நேயர்களே, எஞ்சினைக் கழுவப் புறப்படுவோர் முதலிற் செய்யவேண்டியது கழுவாதிருத்தலே. வாளியையும் நீரையும் அப்பால் வைத்துவிட்டு, ஒரு கைவிளக்கோடு கால் மணித்தியாலம் அழுக்கைப் பாருங்கள். எஞ்சினின் மேற் படிந்துள்ள அழுக்கு அந்த வாகனத்தின் நோய்க்குறிப்பு. மருத்துவர் வருமுன் குறிப்பேட்டைக் கிழித்தெறிபவர் உண்டோ?

வலிகாமத்துச் செம்மண்ணிலோ வடமராட்சி மணலிலோ ஓடும் காரில் உலர்ந்த தூசி எங்கும் ஒரேசீராகப் படிந்திருக்கும். அது குற்றமற்ற தூசி. ஆனால் ஓரிடத்திலே தூசி எண்ணெயுடன் குழைந்து கருங்களிபோல் ஒட்டியிருந்தால், அங்கே ஏதோ கசிகின்றதென்று பொருள். கசிவு தொடங்கும் இடமும் அழுக்குத் திரளும் இடமும் ஒன்றாயிருப்பதில்லை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தில் எழும் காற்று அதனைப் பின்னோக்கியும் தள்ளும். ஆதலின், அதிக அழுக்குள்ள இடத்தைக் குற்றஞ்சாட்டாமல், நனைந்த இடங்களுள் எது யாவற்றிலும் உயரத்தில் இருக்கின்றதென்று தேடவேண்டும். பெரும்பாலும் அது எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் விளிம்பாகவே இருக்கும். அங்கே இடப்பட்டுள்ள காஸ்கற் சூட்டினாற் காய்ந்து சுருங்கிவிடுவதே காரணம். அது சிறு செலவோடு போகும் நோய். கீழே எண்ணெய்ச் சட்டி வரை வழிந்திருப்பதைக் கண்டு, எஞ்சினையே கழற்றவேண்டுமென்று கலங்குவாரும் உளர். அக்கலக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வாரும் உளர்.

நிறமும் வழிகாட்டும். எஞ்சின் ஒயில் மண்ணிறமாகவோ கருமையாகவோ இருக்கும். தன்னியக்கக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் பொதுவாகச் சிவப்பு. ரேடியேற்றரிலும் அதன் குழாய் முனைகளிலும் பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கறையோ, வெண்ணிறப் பொருக்கோ காணப்படின், குளிராக்கும் நீர் மெல்லக் கசிந்து உலர்ந்திருக்கின்றது. பிரேக் எண்ணெய் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆயின் அது பட்ட இடத்திற் பூச்சுப்பெயின்ற் மென்மையாகி உரிந்திருக்கும். பிரேக் எண்ணெய்ச் சாடியின் கீழ்ப் பெயின்ற் உரிந்திருப்பதைக் கண்டவர், கழுவும் வேலையை மறந்துவிட்டு, அன்றே காரைக் கராஜுக்குக் கொண்டுபோவது நன்று.

எல்லாவற்றிலும் பாரதூரமானது பெற்றோல். அது கறை வைக்காது, ஆவியாகிவிடும். மூக்கே அதனைக் கண்டுபிடிக்கும் கருவி. மொறிஸ் மைனரில் 1952ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்ட ஏ வரிசை எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தோன்றி 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியிலிருந்த எஞ்சின் அது. அத்துணை நீண்ட ஆயுள் எல்லா எஞ்சினுக்கும் வாய்ப்பதில்லை. அதன் காபரேற்றரும், புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே பெற்றோல், கீழே கொதிக்கும் இரும்பு. காபரேற்றரின் இணைப்பிலிருந்தோ வெடித்த இறப்பர்க் குழாயிலிருந்தோ சொட்டும் பெற்றோல் எங்கே போய் விழுமென்பதை நான் விளக்கவேண்டியதில்லை. அக்குழாயை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. எண்ணெய்க் களி மூடியிருக்கும்வரை அவ்வெடிப்புகள் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. எஞ்சினைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டுமென்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில், கார் வாங்க நினைக்கும் நேயர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகின்றேன். பதினைந்து வயதுக் காரின் பொனற்றைத் திறந்ததும் எஞ்சின் பளபளவென்று மின்னினால், மகிழ்ச்சியடைவதற்கு முன் சற்று நிதானியுங்கள். அது நல்ல பராமரிப்பின் விளைவாகவும் இருக்கலாம். விற்பனைக்கு முந்திய நாள் அடித்த நீரின் விளைவாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எளிது. உரிமையாளரை உடன் அழைத்துக்கொண்டு இருபது முப்பது கிலோமீற்றர் ஓட்டிவிட்டு, மீண்டும் பொனற்றைத் திறந்து பாருங்கள். நேற்றுக் கழுவப்பட்ட எஞ்சின், தன் கசிவை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கும். அதற்கு உடன்படாத விற்பனையாளரிடம் விடைபெற்றுக்கொள்வதே உத்தமம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஓடிவந்த காரின் எஞ்சினிற் கை வைக்கலாகாது. வார்ப்பிரும்பு கொதித்துக்கொண்டிருக்கையிற் குளிர்ந்த நீர் அதன்மேல் திடீரென விழுமாயின், ஒரு பகுதி சுருங்க, மறுபகுதி விரிந்தே நிற்க, இரும்பு வெடித்துவிடலாம். சூட்டுத் தட்டில் விழுந்த சவர்க்கார நீரும் உடனே உலர்ந்து கறையாகிவிடும். உள்ளங்கையை வால்வு மூடியின் மேல் வைத்து வைத்தபடியே இருக்க முடியுமாயின், எஞ்சின் வேண்டிய அளவு ஆறிவிட்டது. இரவு முழுவதும் நின்ற காரை, வெயில் ஏறுமுன் காலையில் எடுப்பதே சிறந்தது. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம். ஈரம் உலர நல்ல வெயிலும் காற்றும் வேண்டும்.

நேரம் மட்டுமன்று, இடமும் தெரிந்துகொள்ள வேண்டியதே. நமது வழக்கப்படி நீர் வேலை யாவும் கிணற்றடியிலேயே நடக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் அங்கே கொண்டுபோகவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அப்பாறையினூடாக, மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சென்றடையும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, கிணறே உயிர். சுன்னாகப் பகுதியிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமையால் மக்கள் பட்ட துயரும், அது பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் நேயர்கள் அறிந்தனவே. ஒரு காரிலிருந்து வழியும் எண்ணெய் சிறிதுதான். ஆயினும் அது அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் வேறுபாடு பார்க்காது. காரின் கீழே பழைய தகரத் தட்டையோ தடித்த காட்போட்டையோ விரித்து, அதன்மேல் மரத்தூளைப் பரப்பிவிடுங்கள். வழிவதை அது உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய்க் களியைக் கழுவித் தள்ளாமற் சுரண்டி எடுத்து, அந்த மரத்தூளோடும் பழைய ஒயிலோடும் ஒரு தகரத்தில் மூடிவைத்து, பாவித்த ஒயிலை ஏற்கும் கராஜுக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது பற்றறி. அதன் இணைப்பைக் கழற்றாமல் ஈரத்துணியோடு உள்ளே கை விடுவது தகாது. எந்த முனையை முதலிற் கழற்றுவது என்பதிற் பலருக்கும் தடுமாற்றம் உண்டு. விதி ஒன்றே. காரின் உடலோடு இணைக்கப்பட்ட முனையை முதலிற் கழற்றவேண்டும். திரும்பப் பூட்டும்போது அதனை இறுதியாகப் பூட்டவேண்டும். மற்ற முனையை முதலிற் கழற்றப்போய், ஸ்பானர் தவறிக் காரின் உடலைத் தொட்டால், பெரும் மின்னோட்டம் அந்த ஸ்பானர் வழியே பாயும். பற்றறி மின்னேற்றம் பெறும்போது ஐதரசன் வாயு வெளிப்படுவதால், ஒரு பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதும். இன்றைய கார்களில் உடலோடு இணைந்தது மறைமுனை. ஆனால் 1950களின் மொறிஸ், ஒஸ்ரின் போன்ற பிரித்தானியக் கார்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் கூட்டற் குறியையும் கழித்தற் குறியையும் மனனஞ் செய்வதிலும், கம்பி எங்கே போய் முடிகின்றதென்று கண்ணாற் பார்ப்பதே மேல்.

மின்சாரமும் பெற்றோலும் சேர்ந்தோடும் ஹைபிரிட் கார்கள் இப்போது நம் நாட்டில் மிகப் பெருகிவிட்டன. அவற்றின் எஞ்சின் அறையிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த கம்பிகளைக் காண்பீர்கள். அவை நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்பவை, அந்நிறமே எச்சரிக்கை. அவற்றிலும், அவை சென்று சேரும் பெட்டியிலும் நீரோ கையோ படலாகாது. அன்றியும் அக்கார்கள் ஆயத்த நிலையில் இருக்கும்போது எஞ்சின் ஓசையின்றி நின்று, திடீரெனத் தானே ஓடத் தொடங்கும். சாவியைக் காருக்கு அருகிலே கொண்டுபோகாமல் வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். இத்தகைய காருக்கு உலர்ந்த தூரிகையும் ஈரம் பிழிந்த துணியும் போதும், அதற்குமேல் ஆசைப்படவேண்டாம்.

எதனைக்கொண்டு அழுக்கைக் கரைப்பது? பெற்றோலைக்கொண்டு என்று சிலர் சொல்வர். இதற்கு என் விடை ஒரே சொல்: கூடாது. பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 43 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடத் தொடங்குகின்றது. நமது நாட்டு வெப்பத்தில் அது எப்போதும் தீக்கு ஆயத்தமாகவே இருக்கின்றது என்பதே இதன் பொருள். மண்ணெண்ணெய்க்கு இவ்வெல்லை 38 பாகைக்கு மேல். ஆதலால் ஆறிய எஞ்சினில், தடித்துப்போன களியை இளக்குவதற்கு மாத்திரம், பழைய பெயின்ற் தூரிகையாற் சிறிதளவு தொட்டுப் பூசலாம். பூசிய மண்ணெண்ணெயை உடனே துடைத்துவிடவேண்டும். இயற்கை இறப்பர் பெற்றோலிய எண்ணெய்களை உறிஞ்சி ஊதிப் பருக்கும் இயல்பினது. எண்ணெயைத் தாங்கும் குழாய்களைச் செயற்கை இறப்பரில் வார்ப்பது இதன்பொருட்டே. பழைய காரில் எந்தக் குழாய் எந்த இறப்பரென்று யாரறிவார்? கோஸ்ரிக் சோடாவையும் அணுகவிடாதீர்கள். எண்ணெயை அது நன்றாக அறுக்கும். அலுமினியத்தையும் அவ்வாறே அரித்து ஐதரசனை எழுப்பும். இன்றைய எஞ்சின்களின் உடலிற் பெரும்பங்கு அலுமினியமாகும். கடையில் விற்கும், நீரிற் கரையும் எஞ்சின் துப்புரவாக்கி நல்லது. அது கிடையாவிடின், இளஞ்சூட்டு நீரிற் கரைத்த மென்மையான சவர்க்காரமும் பொறுமையும் அந்த வேலையைச் செய்யும்.

இனி, நீர். வாகனம் கழுவும் நிலையத்தில் அழுத்த நீரால் எஞ்சினை அடித்துக் கழுவுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் திருப்தியாயிருக்கும். ரயருக்கு நாம் அடைக்கும் காற்று, சதுர அங்குலத்துக்கு முப்பது றாத்தல் அளவிலானது. வீட்டுப் பாவனைக்குரிய அழுத்தக் கழுவிகளே ஆயிரம் றாத்தலுக்கு மேல் தரவல்லவை. மழைக்கும் தெறிநீருக்கும் தாக்குப்பிடிக்கவே மின் இணைப்புகளின் இறப்பர் வளையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஈட்டிக்கு அல்ல. உள்ளே புகுந்த நீர் அன்றைக்கே தொல்லை தருமாயின் நல்லது, காரணம் தெரியும். அது பெரும்பாலும் அங்கேயே தங்கி, செப்பு முனைகளிற் பச்சைக் களிம்பை வளர்த்து, இரண்டு மாதத்துக்குப் பின் காரணந் தெரியாத நோயாக வெளிப்படும்.

நீருக்கும் எரிபற்று மின்சாரத்துக்கும் உள்ள பகைக்கு ஒரு சான்று கூறுகின்றேன். மொறிஸ் மைனரை வரைந்த அலெக் இஸிகோனிஸ் என்பாரே 1959இல் மினி என்னும் சிறு காரையும் உலகுக்கு அளித்தார். எஞ்சினைக் குறுக்காக வைத்து இடத்தை மிச்சப்படுத்திய அவருடைய மதிநுட்பத்தை உலகம் மெச்சியது. ஆனால் அவ்வமைப்பில், எரிபற்று மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றர் காரின் முன்முகக் கிராதியை நோக்கி நின்றது. மழையில் ஓடும்போது கிராதியூடாக நீர் புகுந்து அதனை நனைக்க, கார் தெருவில் நின்றுவிடும் என்ற முறைப்பாடு தொடக்க கால மினிகளைப்பற்றிப் பரவலாயிற்று. இங்கிலாந்து மழைச்சாரலுக்கே அவ்வாறாயின், நாம் குழாயை நேரே பிடித்து அடித்தால் என்னாகும்?

ஆகவே வேலையின் பெரும்பகுதி உலர்ந்த வேலையாகவே இருக்கட்டும். முதலில், முன்கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். மாமரத்தின் கீழோ வேப்பமரத்தின் கீழோ நிற்கும் காரில் அங்கே சருகு குவிந்திருக்கும். மழைநீர் வடிந்து போவதற்கு அப்பள்ளத்தின் இரு முனைகளிலும் சிறு துவாரங்கள் உண்டு. சருகு மக்கி அவற்றை அடைத்துவிட்டால், நீர் தேங்கித் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும், காருக்குள்ளும் இறங்கும். காலடிக் கம்பளம் ஏன் நனைகின்றதென்று கதவுகளை ஆராய்ந்து களைப்பவர்கள் இந்தத் துவாரங்களை நினைப்பதேயில்லை. கையால் அள்ளி எடுத்து, மெல்லிய கம்பியால் வழியைத் திறந்துவிடுங்கள். அவ்வாறு அள்ளும்போது கையுறை அணிந்திருப்பது நல்லது; எலி கூடு கட்டியிருக்கலாம், எலியைத் தேடி வருவதும் அங்கே இருக்கலாம். எலியின் எச்சத்தைக் கண்டால், அண்மையிலுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி, கடித்த தடம் உண்டோவெனப் பாருங்கள். பழைய காரின் துணியுறையிட்ட கம்பிகளை இழுக்கவோ வளைக்கவோ வேண்டாம். உள்ளிருக்கும் இறப்பர் காய்ந்திருப்பதால் மடித்த இடத்தில் உடைந்துவிடும்.

சருகு நீங்கிய பின், மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிடுங்கள். ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளிடையே பூச்சிகளும் தூசியும் சிக்கியிருக்கும். அவற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக, வந்த வழியே திருப்பியனுப்பவேண்டும். அத்தகடுகள் தாளைப்போன்றவை, அழுத்தித் தேய்த்தால் மடங்கிக் காற்றுவழியை அடைத்துவிடும். எஞ்சின் சூடேறுகின்றதென்ற முறைப்பாடு இவ்வொரு துப்புரவினாலேயே தீர்வதுமுண்டு.

அடுத்து, நனையக் கூடாதவற்றைப் பொலித்தீன் பையால் மூடி இறப்பர் வளையம் இட்டுவிடுங்கள். அல்ரனேற்றர் அல்லது டைனமோ, டிஸ்ரிபியூற்றர், பியூஸ் பெட்டி, கணினிப் பெட்டி, ஒயில் அளவுகோலின் வாய், யாவற்றுக்கும் மேலாகக் காற்று உட்செல்லும் வாய். காற்றை எஞ்சினால் அமுக்க முடியும். நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிறைந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால், உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகும். மூடியவற்றை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள்; ஐந்து பை கட்டியவர் ஐந்தையும் அவிழ்க்கவேண்டும்.

இப்போது தூரிகையைச் சவர்க்கார நீரில் தோய்த்து, ஒரு முழ அளவான பகுதியைத் தேய்த்து, அது உலருமுன் ஈரத்துணியால் துடைத்து, அதன்பின் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். பழைய பற்தூரிகை இடுக்குகளுக்கு உதவும். பெனியன் துணியே துடைப்பதற்கு ஏற்றது. நூல் பிரியும் துணி ஆணிகளிற் சிக்கும். துணியை நீரில் அலசிப் பிழிந்து மீண்டும் மீண்டும் துடைத்தால், குழாயைத் திறக்கவேண்டிய தேவையே பெரும்பாலும் ஏற்படாது. கீழ்ப்பகுதியில் நீர் விட்டே தீரவேண்டுமாயின், செடிக்கு நீர் தெளிக்கும் பூவாளியின் வேகம் போதும். குடாநாட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதியாதலின், அது தானாக உலர்ந்தால் வெண்புள்ளிகள் நிற்கும். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசித் துடைப்புக்கு அதனையே பாவிக்கலாம்.

பற்றறியின் முனைகளில் வெண்மையும் பச்சையுமான பூஞ்சணம்போன்ற படிவு காணப்படும். ஒரு கோப்பை வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பற்தூரிகையாற் பூசுங்கள். அமிலத்தோடு சோடா சேர்ந்து நுரைக்கும். நுரை அடங்கினால் அமிலம் அடங்கிற்று. பற்றறியின் மூடிகள் இறுக்கமாயிருக்கவேண்டும். சோடா உள்ளே இறங்கினால் அங்குள்ள அமிலத்தையும் அது கெடுத்துவிடும். நன்றாகத் துடைத்து உலர்த்தி, முனைகளைப் பூட்டிய பின் சிறிது வசலின் பூசிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பைகளை அவிழ்த்து, பொனற்றைத் திறந்தபடியே இரண்டு மணித்தியாலம் வெயிலிலும் காற்றிலும் விடவேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் அமர்ந்துள்ள குழிகளில் நீர் தேங்கியிருக்கலாம். சைக்கிள் பம்பினாற் காற்றடித்தால் அது வெளியே வந்துவிடும். அதன் பின்னரே எஞ்சினை எழுப்பிப் பத்து நிமிடம் நின்ற நிலையில் ஓடவிடுங்கள். சிறிது நீராவி எழுவது இயல்பே. எஞ்சின் இருமி இருமி ஓடினால், எங்கோ ஈரம் இருக்கின்றது. நிறுத்திவிட்டு இன்னும் சிறிது உலரவிடுங்கள்.

மினுக்கத்துக்காக எண்ணெயோ சிலிக்கன் நீர்மமோ பூசும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. எனக்கு அதில் விருப்பமில்லை. பூசிய எண்ணெய் அடுத்த வாரமே தூசியைப் பிடித்துக்கொள்ளும். புதிய கசிவுக்கும் பூச்சுக்கும் வேறுபாடும் தெரியாமற் போகும். விசிறிப் பட்டியின் மேல் அது பட்டால், பட்டி வழுக்கிக் கீச்சிடும். இறப்பர்க் குழாயும் பிளாஸ்ரிக் மூடியும் மங்கிய கருமையாயிருப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

பணம் செலவில்லாத ஓர் உபாயத்தைச் சொல்லி அமைகின்றேன். கழுவுமுன் எங்கெங்கே ஈரம் கண்டீர்களோ, அவ்விடங்கள் நன்கு உலர்ந்தபின், குழந்தைகளுக்குப் பூசும் முகப்பவுடரை அங்கே மெல்லத் தூவிவிடுங்கள். சுழலும் பட்டிகளுக்கும் காற்று உட்செல்லும் வாய்க்கும் அருகில் மட்டும் தூவவேண்டாம். பின்னர் வழக்கம்போல் இரண்டு மூன்று நாள் காரை ஓட்டுங்கள். மூன்றாம் நாட் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கைவிளக்கோடு பொனற்றைத் திறந்து பாருங்கள். கசிவு இருக்குமாயின், வெண்பவுடரின் மேல் ஒரு மெல்லிய கருங்கோடு இறங்கியிருக்கும். அதன் மேல்முனை எந்த ஆணியில், எந்தக் காஸ்கற் விளிம்பில் தொடங்குகின்றதென்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மாத்திரம் கராஜிற் காட்டுங்கள்.